பழைய காரின் எஞ்சின் வயரிங்: முழுதாக மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கேள்வி: நான் பென்னாகரம் அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2002-இல் வாங்கிய சான்ட்ரோ கார் இன்றும் என்னிடம் ஓடுகிறது. ஒரு வருடமாக, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் சூடான பிறகு வண்டி குலுங்கி நின்றுவிடுகிறது. செக் எஞ்சின் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. எங்கள் ஊர் மெக்கானிக் எஞ்சினில் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் ஒன்றைக் கழற்றி மாட்டினார். பத்து நாள் நன்றாக ஓடியது, பிறகு பழையபடியே ஆகிவிட்டது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எலி கடித்த ஐந்தாறு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். தர்மபுரியில் ஒரு பட்டறையில் வயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். புதிய செட் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய செட் ஒன்று இருக்கிறதாம். வாங்கலாமா? வீட்டு வயரிங் வேலை செய்யும் என் தங்கை மகன் தானே சரிசெய்து தருவதாகச் சொல்கிறான். விடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வயரிங் செட்டை மாற்ற வேண்டிய நிலையில் உங்கள் வண்டி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய செட்டுக்கு இப்போதைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். பழுது எங்கே இருக்கக்கூடும் என்பதற்கான தடயங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கப்ளரைக் கழற்றி மாட்டியதும் பத்து நாள் நன்றாக ஓடியது என்பது முதல் தடயம். எஞ்சின் சூடாகி, அதுவும் ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் நிற்கிறது என்பது இரண்டாவது. எலி கடித்த வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருப்பது மூன்றாவது. இந்த மூன்றும் வயரின் நுனிகளையும் இணைப்புகளையும்தான் சுட்டுகின்றன; செட் முழுவதும் கெட்டுப்போனதற்கான அறிகுறி எதையும் நீங்கள் எழுதவில்லை.

உறைக்குள் பத்திரமாக இருக்கும் செம்புக் கம்பி, இருபது ஆண்டுகள் ஆனாலும் நடுவில் தானாகக் கெடுவது அரிது. கெடுவதெல்லாம் கப்ளருக்குள் இருக்கும் பின்கள், பின்னும் கம்பியும் சேரும் இடம், பாடியிலும் எஞ்சினிலும் போல்ட் போட்டு முறுக்கிய எர்த் முனைகள், சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போய்ச் சூட்டில் உறை வெடித்த ஒரு சாண் நீளம், ஏதோ ஒரு கிளிப் உடைந்ததால் இரும்பு விளிம்பில் உரசும் ஓரிடம், பிறகு யாரோ போட்ட ஒட்டு, இவ்வளவுதான். செட்டையே மாற்றச் சொல்பவர் பெரும்பாலும் இந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடும் வேலைக்கு நேரம் ஒதுக்க முடியாதவர். அவரைக் குறை சொல்லவில்லை. தேடும் வேலைக்குக் கூலி கொடுக்க வண்டிக்காரர்கள் மனம் வைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் புதுப்பேட்டையில் கிடைக்கும் செட்டும் உங்கள் வண்டி வயதுள்ள இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதுதான். அந்தப் பின்களும் அதே சூட்டையும் அதிர்வையும் கண்டவை. அதோடு, ஒரே பெயரில் விற்ற வண்டியிலும் வருடத்துக்கு வருடம், மாடலுக்கு மாடல் கப்ளரில் வயர் வரிசை மாறியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் மாட்டிக்கொள்ளும் கப்ளரில் ஐந்து வோல்ட் போக வேண்டிய பின்னுக்குப் பன்னிரண்டு வோல்ட் போய்விட்டால், எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டியான இசிஎம் கெட்டுவிடும். அதை உங்கள் வண்டிக்குத் தேடிப் பிடிப்பது செட்டைத் தேடுவதைவிடக் கடினம்.

முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: கெட்டது வயரா, சென்சாரா? சூட்டில் நின்று ஆறியபின் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சாரை. எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியை இசிஎம்முக்குத் தருவது அதுதான். அந்தச் செய்தி அறுந்தால் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. காந்தச் சுருள் வகைச் சென்சாராக இருந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகவும், ஆறியதும் மறுபடி சேரவும் கூடும். அப்படியானால் வயரிங்கில் என்ன செய்தாலும் பயன் இராது. ஆகவே வண்டி நின்ற அந்த நேரத்திலேயே, ஆறுவதற்கு முன், சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியை ஆன் செய்தவுடன் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரியவே இல்லை என்றால் பெரும்பாலும் இசிஎம்முக்கு மின்சாரமோ எர்த்தோ வரவில்லை. பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்பு ஓரிரு நொடி ஓடி நிற்கும் ஓசை கேட்கிறதா? செல்ஃப் அடிக்கும்போது பிளக்கில் தீப்பொறி வருகிறதா? பிறகு, சுருள் வகைச் சென்சாராக இருந்தால், அதன் மின்தடையைச் சென்சார் பின்னிலேயே ஒரு முறையும், இசிஎம் கப்ளர் முனையில் ஒரு முறையும் அளக்க வேண்டும். சாவியை ஆஃப் செய்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, இசிஎம் கப்ளரைப் பிரித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். சென்சாரில் அளவு சரியாக வந்து, இசிஎம் முனையில் வராமலோ ஏறி இறங்கியோ காட்டினால், பழுது இரண்டுக்கும் இடையிலான வயரிலோ கப்ளரிலோ இருக்கிறது. இரண்டு இடத்திலும் அளவு இல்லை என்றால் சென்சாரை மாற்றிவிடலாம்.

இந்தச் சோதனையைத் தொப்பூர் ஏற்றத்தில், லாரிகள் வரிசையாக ஏறும் சாலையோரத்தில் செய்ய வேண்டாம். பட்டறையில் எஞ்சினைச் சூடாக்கி, ரேடியேட்டர் விசிறி இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும்வரை விட்டாலே பெரும்பாலும் அந்தச் சூடு வந்துவிடும். பழுது சரியாகும்வரை தயவுசெய்து அந்தக் கணவாய்ப் பக்கம் இந்த வண்டியை எடுத்துச் செல்லாதீர்கள். ஏற்றத்தில் திடீரென நிற்கும் காருக்குப் பின்னால் பாரம் ஏற்றிய வண்டி வந்துகொண்டிருக்கும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பழுதைக் குறியீடாகக் காட்டும் ஓபிடி கருவியைச் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி கட்டாயமாகத் தொடங்கியது 2010-இல்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனர் உள்ள இடத்தில் சில குறியீடுகளைப் படிக்க முடியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப் படித்தாலும் 'கிராங்க் சென்சார் சர்க்யூட்' என்றுதான் வரும். சென்சாரா, கப்ளரா, வயரா என்பதைக் கருவி சொல்லாது. அதைப் பார்த்துச் சென்சாரை மாற்றி, பத்து நாளில் மறுபடி நிற்கும் வண்டிகள் எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. புதுச் சென்சார் மாட்டும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியதாலேயே அந்தப் பத்து நாள் கிடைத்திருக்கும்.

கழற்றி மாட்டினால் ஏன் சரியாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். கப்ளருக்குள் ஆண் பின் தட்டையாகவோ உருண்டையாகவோ ஒரு முள் போல நீட்டிக்கொண்டிருக்கும்; பெண் பின் ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் வளைந்த ஒரு நாக்கு, வில் போல அழுத்தி முள்ளைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டின் மேலும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். எஞ்சின் அதிரும்போது முள்ளும் நாக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கின்றன. உரசிய இடத்தில் பூச்சு தேய்ந்து, அந்தத் துகள் காற்றுப் பட்டுக் கறுத்து, மின்சாரம் கடத்தாத பொடியாக நடுவில் படிகிறது. வெயிலில் கப்ளரைத் திறந்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: முள்ளின் பளபளப்பின் நடுவே, எழுதுகோலால் குத்தியதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். கழற்றி மாட்டும்போது அந்தப் பொடி ஒதுங்கி, புது இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. உள்ளே இருக்கும் நாக்கு சூட்டில் வில்லுத்தன்மை இழந்து தளர்ந்திருப்பதால், சில நாளில் புது இடமும் கறுத்துவிடும். ஆகவே அந்தப் பெண் பின்னை மாற்றுவதுதான் தீர்வு. உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கவே கூடாது. மிச்சமிருக்கும் வெள்ளீயப் பூச்சும் போய், அடுத்த மழைக்குள் பச்சை பூத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைப்பது வரை சரி.

பின் தளர்ந்திருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றை, நாலு அங்குல வயரோடு கையில் வைத்துக்கொண்டு, கப்ளரின் ஒவ்வொரு பெண் பின்னிலும் சொருகி மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல பின் சற்றே பிடித்து, பிறகுதான் விடும். தளர்ந்த பின்னில் எந்தப் பிடியும் இல்லாமல் நழுவி வந்துவிடும். ஒரே கப்ளரில் நான்கு பின் இருந்தால் வித்தியாசம் கைக்கு உடனே தெரியும். மல்டிமீட்டரின் தடித்த ஊசியைப் பெண் பின்னுக்குள் குத்திப் பார்க்கும் பழக்கம்தான் பாதிப் பின்களைக் கெடுக்கிறது. அளக்க வேண்டுமானால் வயர் உள்ளே நுழையும் பின்பக்கத்திலிருந்து, ரப்பர் சீலைக் கிழிக்காமல், மெல்லிய ஊசியை விட்டு அளக்க வேண்டும். வயரின் உறையைக் குத்தி அளப்பதும் வேண்டாம். அந்தத் துளை வழியே ஈரம் போய், இரண்டு மழைக்காலத்தில் உள்ளே கம்பி கறுத்துப் போகும்.

மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து வயரின் இரண்டு முனையையும் தொட்டு, சத்தம் வந்தால் வயர் நன்றாயிருக்கிறது என்று முடிவுகட்டுவது பரவலான பழக்கம். அதை நம்ப முடியாது. பல இழை முறுக்கிய கிணற்றுக் கயிற்றில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் கயிறு தொங்கத்தான் செய்யும். குடத்தைக் கட்டினால்தான் தெரியும். அதுபோல் வயரிலும் பளு ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு முனையும் கப்ளரிலிருந்து விடுபட்டிருக்கும் நிலையில், ஒரு முனையில் பேட்டரி பிளஸையும் மறு முனையில் 21 வாட் பிரேக் விளக்கு பல்பின் வழியாக மைனஸையும் கொடுத்தால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் அந்த வயரில் ஓடும். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் கம்பி அந்தப் பளுவைத் தாங்குகிறது. மங்கினால் எங்கோ அரித்திருக்கிறது. பம்பு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், இசிஎம்முக்கு மின்சாரம் வரும் வயர் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை மிகவும் பொருத்தமானது. இசிஎம்மோடு இணைந்திருக்கும் எந்த வயரிலும் இந்தப் பல்பைத் தொடவிடக் கூடாது என்பதை மட்டும் உங்கள் தங்கை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

வண்டி நின்ற இடத்திலேயே, எஞ்சின் சுழலும்போது செய்யக்கூடிய சோதனை வோல்டேஜ் இறக்கத்தை அளப்பது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு ஊசியைப் பேட்டரி மைனஸ் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பில் சுரண்டிய இடத்திலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாயிருக்கிறது. 0.5 தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றியே ஆக வேண்டும். பிறகு எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் விசிறியும் போட்டுவிட்டு, சென்சார் கப்ளரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இது சிறிய அளவுபோல் தோன்றும்; ஆனால் ஐந்து வோல்ட்டுக்குள் செய்தி சொல்லும் சென்சாருக்கு அரை வோல்ட் பிசகினாலே இசிஎம் தவறாகக் கணக்குப் போடும். எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். பல வண்டிகளில் அறைச் சூட்டில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது 80 டிகிரியில் முந்நூறு அளவுக்கு வந்துவிடும். அதன் கப்ளரில் அழுக்குச் சேர்ந்து மின்தடை கூடினால், சூடான எஞ்சினையும் குளிர்ந்ததாக எண்ணி இசிஎம் பெட்ரோலை அள்ளி ஊற்றும். உங்கள் வண்டியில் மைலேஜ் குறைந்து, பிளக் கறுத்திருந்தால் அந்தக் கப்ளரையும் பாருங்கள்.

எர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பிளஸ் பக்கத்தையே தேடுகிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது. எஞ்சினையும் பாடியையும் பேட்டரி மைனஸையும் இணைக்கும் அந்தச் செம்புப் பின்னல் பட்டைதான் திரும்பிவரும் மின்சாரத்துக்கு வழி. அது துருப்பிடித்தால் செல்ஃப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாயும்; செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள் சுட்டால் காரணம் இதுதான். பட்டையைக் கழற்றி, அதன் முனையில் உள்ள உலோக வளையமான லக்கின் இரண்டு பக்கமும் பாடியின் பெயின்ட்டும் சுரண்டி இரும்பு தெரிந்தபின், பல் வாஷர் வைத்து முறுக்கி, வெளியே மட்டும் வாஸ்லின் தடவினால் போதும். புதுப் பட்டை ஒன்று போடுவது அதைவிட நல்லது.

ஏற்றத்தில் மட்டும் நிற்பதற்குச் சூட்டைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. கியரில் பளுவோடு இழுக்கும்போது எஞ்சின் தன் மவுண்டின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மவுண்ட் ரப்பர் நைந்துபோயிருந்தால் அந்தச் சாய்வு கூடி, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் வயர்க் கட்டு ஒவ்வொரு முறையும் இழுபடும். கையோடு ஒரு சோதனை: ஒருவர் பிரேக்கை இறுக்கி மிதித்து, கிளட்சைப் பாதி விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கட்டும், மற்றவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல், பக்கவாட்டில் தள்ளி நின்று எஞ்சின் எவ்வளவு தூக்குகிறது, எந்த வயர் விறைக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது, வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள்; விசிறியிலும் பெல்ட்டிலும் கையும் துண்டும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எஞ்சின் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில் கட்டைப் பிரியுங்கள். மவுண்டை மாற்றாமல் வயரை மட்டும் ஒட்டினால், அதே இடத்தில் மறுபடி விடும்.

எலி கடித்த ஒட்டுகளை, இப்போது வேலை செய்கிறதோ இல்லையோ, அத்தனையையும் திறந்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு எஞ்சின் பகுதியில் நீடிக்காது. சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, உள்ளே ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை ஒட்டோடு நிற்பதில்லை. உறைக்குள் இழைகளின் நடுவே ஊர்ந்து அங்குலக்கணக்கில் போயிருக்கும். ஆகவே ஒட்டின் இரண்டு பக்கமும் வெட்டி, உறையை உரித்துப் பார்த்து, கம்பி கறுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டி, புதுச் செம்பின் சிவப்பு தெரியும்வரை போக வேண்டும். அதனால் நீளம் குறையும். இழுத்து ஒட்டாமல், குறைந்த நீளத்துக்குப் புது வயர் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் தங்கை மகன் பற்றிய கேள்வி வருகிறது. வீட்டு வயரிங் தெரிந்தவருக்கு மீட்டர் பிடிக்கவும் சர்க்யூட் புரியவும் தெரியும். அது பெரிய பலம். ஆனால் வீட்டு வேலையில் பழகிய பொருள்களையும் முறைகளையும் எஞ்சினுக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டு வயரின் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி சூட்டுக்கானது. எஞ்சின் பகுதிக்குக் குறைந்தது 105 டிகிரி தாங்கும் ஆட்டோ வயர் வேண்டும், மேனிஃபோல்டுப் பக்கம் 125 டிகிரி வகை நல்லது. ஆட்டோ வயரில் மெல்லிய இழைகள் பல இருப்பதால் அதிர்வில் முறியாது. சென்சாருக்கு அரை சதுர மில்லிமீட்டர், இன்ஜெக்டருக்கு முக்கால், பெட்ரோல் பம்புக்கு ஒன்றரை என்பது பொதுவான அளவு. பழைய வயரை அளந்து அதற்குக் குறையாமல் போடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரும் கடைகளில் இருக்கிறது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிறவர் யாராவது இருந்தால், ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் நல்ல வயரும், குட்டை வயரோடு வரும் புதுக் கப்ளர்களும் கேட்டு வாங்கச் சொல்லலாம். பழைய கப்ளரைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

ஒட்டுவதில் முறுக்கு வேண்டாம். எஞ்சின் பகுதியில் கிரிம்ப் முறையே, அதாவது உலோகத்தால் கம்பியைக் கவ்வி அமுக்குவதே, நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி, அந்த இடம் ஆணிபோல் விறைத்துவிடும்; விறைப்பு முடியும் விளிம்பில்தான் அதிர்வில் கம்பி முறிகிறது. பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால் ஆசிட் பசை தொடாமல் ரெசின் பசையால் வைத்து, இரண்டு பக்கமும் நீளமாக ஸ்லீவ் போட்டு, அசையாதபடி கட்ட வேண்டும். கப்ளர் பின்னைப் பொறுத்தவரை, அதன் வாலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்ஜோடி செம்பைக் கவ்வ, பின்ஜோடி உறையைப் பிடித்துக்கொள்ள. கட்டிங் பிளேயரால் அமுக்கினால் இறக்கை சப்பையாகி, இழைகள் பக்கவாட்டில் பிதுங்கும். அதற்கென்றே உள்ள கிரிம்பிங் பிளேயரில் அமுக்கினால் இறக்கைகள் உள்ளே சுருண்டு, இழைகளின் நடுவில் இறங்கிக் கவ்விக்கொள்ளும். அமுக்கியபின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது ஏற்றத்திலும் வந்துவிடும்.

ஒட்டின் மேல், உட்புறம் பசை தடவிய சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டு, பசை இரண்டு முனையிலும் பிதுங்கும்வரை சூடாக்குங்கள். ஐந்து வயர் ஒட்ட வேண்டியிருந்தால் ஐந்தையும் ஒரே இடத்தில் ஒட்டாமல், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுங்கள். கட்டு பருத்து விறைக்காது, ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகவும் இடமிராது. எல்லாவற்றுக்கும் மேல் துணி டேப்பும், பிளவுள்ள நெளிவுக் குழாயும் போதும். பிவிசி டேப்பை எஞ்சின் பகுதியில் அறவே தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு வயர்களில் தனிக் கவனம் வேண்டும். கிராங்க் சென்சார் வயரைச் சுற்றி வலைபோல் ஒரு கவசம் இருந்தால், தீப்பொறியின் மின்காந்தத் தொந்தரவு செய்தியில் கலக்காமல் காப்பது அதுதான். ஒட்டும்போது கவசத்தையும் தொடர்ச்சியாகச் சேர்த்து, முன்பு எந்த ஒரு முனையில் எர்த் ஆகியிருந்ததோ அந்த ஒரு முனையில் மட்டும் விடுங்கள். சுருள் வகைச் சென்சாரில் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டினால் வண்டி ஓடலாம், ஆனால் தீப்பொறியின் நேரம் பிசகும். அடுத்தது ஆக்சிஜன் சென்சார். அதன் பல வகைகள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றைத் தன் வயரின் இழைகளுக்கு இடையிலேயே இழுத்துக்கொள்கின்றன. அந்த வயரைப் பற்றவைத்து அடைத்தாலோ, கப்ளரில் கிரீஸ் திணித்தாலோ சென்சார் தவறாகப் படிக்கும். சென்சார் பக்கத்து வயரை எலி கடித்திருந்தால் சென்சாரோடு மாற்றிவிடுவதே நல்லது.

இருபது வருடச் சூட்டில் கப்ளரின் பிளாஸ்டிக் முறுகியிருக்கும். பூட்டு நாக்கு தொட்டாலே உடையும். வாய் பிளந்த கப்ளரை டேக் போட்டு இறுக்கி வைப்பது சில நாள் வேலைக்கு ஆகும், நிரந்தரமாக ஆகாது. புதுக் கப்ளர் போடும்போது எல்லா வயரையும் ஒரே வெட்டாக வெட்டிவிடாமல், முதலில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு வயரை வெட்டி, ஒட்டி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். புதுக் கப்ளரின் வயர் நிறம் வேறாக இருக்கும். நிறத்தை நம்பாமல் பின் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய சிறு ஸ்லீவ் போட்டால் அடுத்து வேலை செய்பவர் உங்களை வாழ்த்துவார்.

வேலை முடிந்தபின் கவனிக்க வேண்டியது தண்ணீரும் எலியும். நம் பகுதியின் போர்வெல் தண்ணீர் கடினமானது. வாட்டர் சர்வீஸில் எஞ்சினுக்குள் வேகமாகப் பீய்ச்சினால், காய்ந்தபின் உப்பு கப்ளருக்குள் தங்கிவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அடிப்பது இன்னும் கெடுதல்: கப்ளருக்குள் இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கப்ளரின் ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியளவு தடவுங்கள், பின்களைச் சுற்றி அடைத்துவிடாதீர்கள். எலிக்குப் புகையிலையும் அந்துருண்டையும் தொங்கவிடுவார்கள். அவற்றை நம்பி நான் இருக்க மாட்டேன். வண்டியை ராகித் தாள் போர், நிலக்கடலை மூட்டை, புளி சேர்த்துவைத்த கொட்டகை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதும், வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுப்பதும், இரவில் பானட்டைத் திறந்து வைப்பதும்தான் பலன் தரும். கூடுகட்டும் இடத்துக்கு இருட்டும் மறைவும் வேண்டும். திறந்திருந்தால் எலி தங்காது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டிருக்கிறார்களா என்றும் ஒரு முறை பாருங்கள். பெட்டியின் மூடியில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

கடைசியாக, புதுப்பேட்டைச் செட். உங்கள் வண்டியில் இருக்கும் கப்ளர் ஒன்றுக்குப் புதிது எங்கும் கிடைக்கவில்லை என்று ஆகி, அந்தச் செட்டில் அதே கப்ளர் முறியாமல் இருந்தால், அப்போது அதைக் கப்ளருக்காக மட்டும் வாங்கலாம். விற்பவரிடம் கப்ளருக்குப் பின்னால் ஒரு சாண் வயர் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். வாங்கும் முன் ஒரு வயரின் வெட்டு முனையை உரித்து உள்ளே செம்பு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், பெண் பின்களில் தனி ஆண் பின்னைச் சொருகி இழுத்துப் பாருங்கள். பிடி இல்லாத பின்களை, கப்ளர் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, புதிதாகக் கிரிம்ப் செய்து மாற்றச் சொல்லுங்கள்.